மூடி மாறிய மூன்றாம் ரீல்

நனைந்து காய்ந்த கம்பளியின் வாடை, ஆட்டுப்பட்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் எங்கோ நிற்கும் அந்த வாடை, இன்றைக்கும் என் மூக்கில் பட்டால் முதலில் நினைவுக்கு வருவது குளிர் அல்ல, சினிமா. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் நான் தங்கிப் படித்த பள்ளியில், எழுபதுகளின் நடுவில், படம் என்றால் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான். படம் காட்டும் வேன் மலையிலிருந்து இறங்கும் வழியில் இருந்த செக்போஸ்ட் கட்டையை ஆறு மணிக்குப் போட்டுவிடுவார்கள்; சந்தன மரம் கடத்துகிறவர்களுக்காக வைத்த அந்தக் கட்டை, அவர்களைத் தவிர மற்ற எல்லாரையும் தவறாமல் நிறுத்தியது. ஆகவே வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கூடத்துக்குள் இருட்டை உண்டாக்க வேண்டியிருந்தது. பிள்ளைக்கு ஒன்று என்று கொடுத்திருந்த சாம்பல் நிறக் கம்பளிகளை எல்லாம் வாங்கி சன்னல்களில் ஆணி அடித்து மாட்டுவார்கள். பூச்சி அரித்த ஓட்டைகள் வழியாக வெயில் ஊசி ஊசியாக உள்ளே இறங்கும். அந்த ஊசிகளுக்குக் கீழே நாங்கள் எண்பது பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம்.

வேனில் வருகிறவர் பெயர் அந்தோணி. படவேட்டுப் பக்கத்துக்காரர், மெலிந்த மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். எங்களுக்கு அவர் "படக்கார அண்ணன்". வந்து இறங்கியதும் முதல் வேலையாக வார்டனிடம் ஒரு தாளை நீட்டுவார். இத்தனை மாணவர்கள் படம் பார்த்தார்கள், பார்த்துப் பயனடைந்தார்கள் என்ற சான்று அது. வார்டன் அதில் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார். பயன் அடைந்து முடித்த பிறகுதான் நாங்கள் படம் பார்க்க உட்காருவோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிற்காலத்தில் நானே எத்தனையோ பயன்களை இப்படி முன்கூட்டியே சான்றளித்திருக்கிறேன்.

முதலில் செய்திப் படங்கள். அவற்றைக் காட்டாமல் விட முடியாது என்று விதி. நெல்லுக்கு மருந்து அடிப்பது எப்படி என்று, நெல் விளையாத மலையில் சாமை தின்று வளர்ந்த எங்களுக்குக் காட்டினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டை நான்காம் வகுப்புக்கு விளக்கினார்கள். இவையெல்லாம் முடிந்த பிறகு வருவதுதான் "ஊக்கப் படம்". மலைப் பிள்ளைகளுக்கு ஊக்கம் குறைவு என்று எங்கோ ஒரு கோப்பில் முடிவாகியிருக்க வேண்டும். ஏழைப் பையன் ஒருவன் எல்லாத் துன்பத்தையும் தாண்டிப் படித்து வெற்றி பெறும் கதை. வருடத்துக்கு இரண்டு முறை வேன் வந்தது, ஒவ்வொரு முறையும் அதே படம் வந்தது. அந்த வட்டாரத்துக்கு அந்த ஒரு பிரதிதான் இருந்தது போலும். ஐந்து ஆண்டுகளில் ஒன்பது தடவை பார்த்தேன்.

நாங்கள் பார்த்த கதை இது. ஒரு பையன், அவனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும். பள்ளிக்கூடத்தில் கிழிந்த சட்டையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். திடீரென்று அம்மா செத்துப்போகிறாள். பையன் தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து படிக்கிறான், மழையில் நனைந்துகொண்டு படிக்கிறான், காய்ச்சலோடு போய்ப் பெரிய பரீட்சை எழுதுகிறான். எழுதி முடித்துப் பேனாவை மூடுகிறான். அடுத்த காட்சியில் அம்மா வருகிறாள். அடுப்பு ஊதுகிறாள், தன் ஆட்டை விற்று அவனுக்குப் புத்தகம் வாங்குகிறாள், மடியில் படுக்க வைத்துத் தலையைக் கோதிக்கொண்டே சிரிக்கிறாள். அதோடு படம் நின்றுவிடும். அந்தோணி அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அவ்ளோதாம்பா, எயிந்திருங்க, கட்டைய போட்டுருவான்" என்று சொல்லிக்கொண்டே சுற்ற ஆரம்பித்துவிடுவார். கடைசி ரீல் ஒன்று இருந்தது. அதை நாங்கள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

செத்த அம்மா எப்படி வந்தாள் என்பது கம்பளிகளைத் திரும்ப வாங்கும் வரிசையிலேயே விவாதமாகிவிடும். என் வகுப்பில் காளி என்று ஒருவன் இருந்தான், எதையும் நம்பாதவன்.

"செத்துப்போனவ எப்புட்றா வருவா? ரீலு வுட்றானுங்க" என்றான்.

"படத்துல செத்தா வந்துருவாங்கடா" என்றான் இன்னொருவன். "திருவியாவுல கூத்துல செத்துப்போன ராசா காத்தால டீ குடிச்சிக்கினு இருந்தாரு இல்ல? நீயே பாத்த இல்ல?"

"அது கூத்துடா, மடையா."

"இது மட்டும் இன்னா, உங்கூட்டுக் கதையா?"

எனக்கு விடை தெரிந்திருந்தது, கேட்கிறவர்கள் இல்லாத விடை. காளி என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடா ஊமையா" என்றபோதுதான் சொன்னேன்: "அவன் படிச்சான் இல்ல, அதான் வந்தாங்க."

"ஆங், அப்ப நீயும் படி. யாரு வர்றாங்கன்னு பாக்கலாம்" என்று சிரித்துவிட்டுத் தன் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

எனக்கு வர வேண்டிய ஆள் இருந்தது. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, சாமை சரியாக விளையாத ஒரு வருடத்தில், மேஸ்திரி ஒருவர் வந்து எங்கள் ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேரைக் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. போகும்போது, "நல்லா படிச்சிக்கினு இரு, நான் வந்து பாக்குறேன்" என்று சொன்னாள். அடுத்த மாதமே அப்பா என்னைக் கொண்டுவந்து பள்ளியில் விட்டார். போனவர்கள் பொங்கலுக்குத் திரும்பியபோது நான் பள்ளியில் இருந்தேன். அம்மா அவர்களோடு வரவில்லை என்பதை விடுமுறைக்குப் போனபோது நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு அடுத்த விடுமுறையில் வீட்டில் சின்னம்மா இருந்தாள். கெட்டவள் அல்ல. படங்களில் வரும் சின்னம்மாக்களைப் போல் சூடு வைத்திருந்தால் எனக்கு ஒரு விதத்தில் சௌகரியமாக இருந்திருக்கும். இவள் எனக்குக் களியில் பெரிய உருண்டையாகப் பார்த்து வைத்தாள். அப்பா அவசரப்பட்டுவிட்டார், அம்மா வந்தால் சங்கடமாகிவிடுமே என்று மட்டும் கவலைப்பட்டேன்.

இந்த நிலையில்தான் அந்தப் படம் எனக்கு வந்து சேர்ந்தது. ஒன்பது வயதுக் கணக்கு மிக எளிது. செத்தவளே பிள்ளை படித்ததற்காகத் திரும்பி வரும்போது, தோட்டத்துக்குப் போனவள் வரமாட்டாளா?

படித்தேன். மற்றவர்கள் ஓடையில் நண்டு பிடிக்கப் போனபோது படித்தேன். தெருவிளக்கு எங்கள் பக்கம் கிடையாது. சமையற்கட்டு அடுப்பின் வெளிச்சத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னேன். சமையற்காரர், "இந்தப் பையனுக்கு இன்னா வந்துச்சு, ஜுரமா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஒருமுறை வேண்டுமென்றே மழையில் நனைந்துகொண்டு படித்து, புத்தகம் ஊறிப்போய், வார்டனிடம் மாட்டி முட்டிபோட்டேன். படத்துப் பையனுக்கு அந்தக் காட்சியில் புத்தகம் நனையவில்லை என்பதை ஐந்தாவது தடவை பார்த்தபோதுதான் கவனித்தேன்.

ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சையில் முதலாவதாக வந்தேன். கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும் நாளில் பெற்றோர் வந்து பதிவேட்டில் கைநாட்டு வைத்துப் பிள்ளையை அழைத்துப் போக வேண்டும். யாருக்கும் விலக்கு இல்லை. ஒவ்வொருவராகப் போனார்கள். நான் பெட்டியில் துணி வைக்கவில்லை. படியில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சாயும் நேரத்தில் அப்பா வந்தார்.

"இன்னாடா, பெட்டி கட்லியா?"

"நீ போப்பா. நான் அம்மாவோட வர்றேன்."

"இன்னாது?"

"மொத ரேங்க் வாங்கிட்டேன்பா. அம்மா வருவாங்க. வந்து நான் இல்லன்னா தேடுவாங்க இல்ல?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து வார்டனைப் பார்த்தார். வார்டன் அப்பாவைப் பார்த்தார். இருவரும் ஒருவர் எதையோ செய்யத் தவறியதை மற்றவர் கண்டுபிடித்துவிட்டதுபோல ஒரு கணம் நின்றார்கள். பிறகு வார்டன் பதிவேட்டைத் திருப்பி வைத்து, மைப்பெட்டியைத் திறந்து, "ரேகை வைங்க, நேரமாகுது" என்றார். அப்பா வைத்தார். உள்ளே போய் அவரே என் துணிகளைத் தகரப் பெட்டியில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டார். ஊர் வரைக்கும் ஐந்து மைல். அந்த ஐந்து மைலும் ஒரு கையால் பெட்டியைப் பிடித்தபடி மறு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அதற்கு முன்பு அவர் என் கையைப் பிடித்து நடந்ததாக நினைவில்லை.

அம்மா வரவில்லை. நான் படத்தைச் சந்தேகிக்கவில்லை, பரீட்சையைத்தான் சந்தேகித்தேன். அந்தப் பையன் எழுதியது பெரிய பரீட்சை, பெஞ்சும் மேசையும் போட்டு, மணி அடித்து. நான் எழுதியது தரையில் உட்கார்ந்து. ஆகவே மேலே படித்தேன். எட்டாம் வகுப்பு முடித்ததும் திருப்பத்தூரில் உயர்நிலைப் பள்ளியும் விடுதியும் கிடைத்தன. அதற்குள் வயது பதினான்கு ஆகிவிட்டது. அந்த வயதில் அதை நம்பிக்கை என்று சொல்ல முடியாது. நிராகரிக்கவும் இல்லை, நிலுவையில் இருந்தது என்று சொல்வேன். திருப்பத்தூரில் பேச்சுக்கு ஆள் இல்லை. நான் "இன்னா" என்று வாயைத் திறந்தாலே "மலைல இருந்து எறங்கிட்டாரு தொரை" என்பார்கள், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசுவார்கள் என்றாலும். அதனால் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மாலை விடுதிக் கூடத்தில் படம் என்றார்கள். போனால் அந்தோணி அண்ணன், அதே பென்சில், அதே படம். இங்கே செக்போஸ்ட் இல்லை, அவசரமும் இல்லை. எனக்கு ஒவ்வொரு காட்சியும் மனப்பாடம் என்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். சட்டையைப் பார்த்துச் சிரிக்கும் காட்சி முடிந்ததும் அம்மா சாக வேண்டும். சாகவில்லை. அடுப்பு ஊதினாள். ஆட்டை விற்றாள். மடியில் படுக்க வைத்துத் தலையைக் கோதினாள். அதன் பிறகு அடுத்த ரீல் மாட்டினார்கள், அதில் செத்துப்போனாள். பையன் தெருவிளக்கில் படித்தான், மழையில் படித்தான், காய்ச்சலோடு பரீட்சை எழுதினான், பேனாவை மூடினான். அவள் வரும் ரீல் ஏற்கெனவே ஓடி முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்தேயிராத அந்தக் கடைசி ரீல் வந்தது. முடிவு வந்துவிட்டது, பையன்தான் முதல். ஊரே கூடி மாலை போடுகிறது, தோளில் தூக்குகிறது. அவன் வீட்டுக்கு ஓடி, கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றி, சுவரில் இருந்த அம்மாவின் படத்துக்குப் போடுகிறான். கூடம் முழுவதும் கை தட்டியது. பக்கத்தில் இருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாப்பு படம்டா" என்று என் தொடையில் அடித்தான். இருநூறு பேர் ஊக்கம் பெற்றுக்கொண்டிருந்த அந்த இடத்தில்தான், யாரும் என்னிடம் எதுவும் சொல்லாமலே, என் அம்மா செத்துப்போனாள்.

கூட்டம் கலைந்ததும் அந்தோணி அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, எங்க மலைல வேற மாதிரி போட்டீங்களே. அம்மா செத்துட்டு அப்பறம் வருவாங்களே."

"எந்த மல? ஓ, நீ அங்கிருந்து வந்த பையனா?" என்று சிரித்தார். "அத ஏன் கேக்குற தம்பி. ரெண்டாவது டப்பா மூடியும் மூணாவது டப்பா மூடியும் மாறிப் போச்சு. மூடில இன்னா நம்பர் போட்டிருக்குதோ அந்த வரிசைலதான் போடணும்."

"உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியாமியா? மொத நாளே தெரியும். நானா நம்பர மாத்துனா ரிஜிஸ்டர்ல இருக்கிறதும் டப்பாவுல இருக்கிறதும் ஒத்து வராது, ஏன் அடிச்சு எழுதுனன்னு கேப்பாங்க. ஆபீசுக்கு எழுதிப் போட்டேன். இப்பதான் மாத்திக்கலாம்னு ஆர்டர் வந்துச்சு."

"செத்தவங்க திரும்பி வர்றத யாரும் கேக்கலியா?"

"அஞ்சு வருசம் ஓட்டுனேன் தம்பி. ஒரு வாத்தியார்கூட கேக்கல" என்று அவர் டப்பாக்களை அடுக்கினார்.

அன்று அவர் மேல் வந்த கோபம் முப்பது ஆண்டு அரசுப் பணியில் மெல்ல மெல்லத் தேய்ந்து இல்லாமல் போனது. அவர் செய்தது சரி. பதிவேடும் பொருளும் ஒத்திருக்க வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் உத்தரவு வேண்டும். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் மூடியின்படிதான் ஓட்டியிருப்பேன்.

அடுத்த விடுமுறை புளி உடைக்கும் காலத்தில் வந்தது. அப்பா களத்தில் உட்கார்ந்து ஓடு நீக்கிக்கொண்டிருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்து சிறிது நேரம் கொட்டை எடுத்தேன். பிறகு, "அம்மா எப்பப்பா செத்தாங்க?" என்று கேட்டேன். எப்படி அவ்வளவு சாதாரணமாகக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அங்க போன ரெண்டாம் மாசமே. காச்சலு. அங்கியே பொதச்சிட்டாங்களாம். போனவங்க வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்" என்றார். அவர் கை நிற்கவில்லை. சற்றுப் பொறுத்து, "உங்க வார்டனாண்ட அப்பவே வந்து சொன்னேன். நீங்க படிச்சவங்க, பக்குவமா சொல்லுங்கன்னேன். அவர் சொல்லல?" என்று கேட்டார். இப்போது கை நின்றிருந்தது.

அப்பாவே சொல்லியிருப்பார் என்று வார்டன் நினைத்திருக்கிறார். வார்டன் சொல்லியிருப்பார் என்று அப்பா நினைத்திருக்கிறார். ஊர் இருவரில் ஒருவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கிறது. எல்லாருக்கும் தகவல் போய்ச் சேர்ந்த ஒரு விஷயத்தில் எனக்கு மட்டும் நகல் குறிக்கப்படவில்லை. அந்தக் கோடை மாலையில் படியில் உட்கார்ந்திருந்த பையன் அப்பாவின் மனதில் இத்தனை வருடமாக இருந்திருக்கிறான் என்று அந்த நின்றுபோன கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"சொன்னாருப்பா. அப்பவே சொன்னாரு" என்றேன்.

அப்பா தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் புளியை எடுத்தார். அவர் சாகும்வரை நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் படித்து முடித்து அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் என் கதையைச் சொல்லிக் கை தட்டினார்கள். மலை, வறுமை, தாயை இழந்த சிறுவன், விடாமுயற்சி. படத்தில் இருந்த எல்லாம் என்னிடமும் இருந்தன. நன்றி சொல்லி உட்கார்ந்தேன். இப்போது தனியாக இருக்கிறேன், பிள்ளைகள் வெளியூரில். அவ்வப்போது ஜமுனாமரத்தூருக்குப் பேருந்தில் போய் வருகிறேன். நாங்கள் படம் பார்த்த கூடத்தை இடித்துவிட்டார்கள். அந்த மாதிரி வேன்கள் இல்லை, டப்பாக்கள் இல்லை, மூடிகளும் இல்லை. பிள்ளைகள் கைப்பேசியில் ஏழைகள் வெற்றி பெறுவதை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள். தவறான வரிசையில் பார்த்து, அதை நம்பி, ஐந்தாறு வருடம் காத்திருக்க இன்றைக்கு யாருக்கும் வசதி கிடையாது.

என் அம்மாவின் இறப்பு எங்கேயும் பதிவாகவில்லை. தோட்டத்துக்கு எழுதிக் கேட்டேன். அந்தக் கால ஆள் பட்டியல் தங்களிடம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பதிவில் இல்லை என்ற சான்று, உறுதிமொழிப் பத்திரம், விசாரணை, உத்தரவு, தாமதப் பதிவு. இறந்த இடத்தில்தான் பதிய வேண்டும் என்பதும் தெரியும். அது முடியாவிட்டால், ஏழு ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி, இயல்பாகத் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே தகவல் இல்லையென்றால், நீதிமன்றத்தில் இறந்தவராக அறிவிக்கக் கேட்கலாம். எத்தனையோ பேரை என் மேசைக்கு முன் உட்கார வைத்து இந்த வழிகளைச் சொல்லி, அவர்கள் படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற மறு வாரம் எனக்கும் ஒரு படிவம் வாங்கி வந்தேன். இறந்தவர் பெயரை எழுதினேன். தகவல் தருபவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் மகன் என்று எழுதினேன். இறந்த நாள் என்ற இடம் வந்ததும் பேனாவை மூடினேன். அதற்கு மேல் எழுதவில்லை.